தூளி கட்டிய வகுப்பு

எங்கள் பள்ளிக்கூடத்தில் தூங்கினால் அடி விழாது. தூங்காவிட்டால்தான் பிரச்சினை. இதைச் சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அம்மா மறுபடியும் அளக்க ஆரம்பித்துவிட்டாள் என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் உப்பிலியபுரத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகும் மண் சாலையில், பச்சைமலை அடிவாரத்தில் இருந்த அந்த ஓட்டுக் கட்டடத்தில், என் வகுப்பறை உத்திரத்திலிருந்து பழைய சேலையில் கட்டிய தூளிகள் வரிசையாகத் தொங்கியது நிஜம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கைக்குழந்தை. தூளியிலிருந்து இறங்கி வரும் கயிறு, கீழே உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு பெண்ணின் கால் கட்டைவிரலில் முடிந்திருக்கும். கை சிலேட்டில் எழுதும், கால் தம்பியையோ தங்கையையோ ஆட்டும். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. பெரிய பெரிய கட்டடத்தில் படித்தவர்களை எல்லாம் பார்த்துவிட்டேன். இப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான் மட்டும்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஊரில் மழைக்கு ஒழுகாத கூரை பள்ளிக்கூடத்துக்குத்தான் இருந்தது. அம்மை ஊசி போட வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். தேர்தல் வந்தால் ஓட்டுப் பெட்டி அங்கேதான் இறங்கும். ஐப்பசி மழையில் யாருக்காவது கல்யாணம் என்றால் பந்தியும் அங்கேதான். ஆசிரியர்கள் இரண்டே பேர். நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஹெட்மாஸ்டர் சார். கீழ் வகுப்புகள் மூன்றுக்கும் டீச்சர்.

டீச்சர் திருச்சி புத்தூரிலிருந்து வருகிறவர். கழுத்துச் சங்கிலியில் ஒரு சின்னச் சிலுவை இருக்கும். திங்கட்கிழமை விடியற்கால பஸ்ஸில் வந்து, வாரம் முழுக்க ஊரில் ஓர் அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் திருச்சிக்குத் திரும்பிவிடுவார். சிரிப்பு என்பது அவருக்குச் செலவு மாதிரி, யோசித்துத்தான் செய்வார். எங்களை அவர் கொஞ்சிய ஞாபகமே எனக்கு இல்லை.

நான் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது தம்பி பிறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. வெங்காய நடவு தொடங்கியதும் அம்மாவுக்கு விடிந்தால் காடு, இருட்டினால் வீடு. தம்பியை யார் பார்ப்பது? வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. என் சிலேட்டை எடுத்து அம்மா பரண்மேல் வைத்துவிட்டாள். கோபித்துக்கொண்டு வைக்கவில்லை. மழைக்காலம் முடிந்தால் குடையை எடுத்து வைப்பார்களே, அப்படித்தான் வைத்தாள். எங்கள் ஊரில் அநேகமாக எல்லாப் பெண்களின் படிப்பும் ஏதோ ஒரு தம்பி பிறந்த வருஷத்தோடு முடிந்துவிடும். யாரும் அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. நான் மட்டும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எனக்குக் கணக்கு பிடிக்கும்.

சில நாள் கழித்து டீச்சர் வீடு தேடி வந்தார். ஏன் புள்ளையை அனுப்பவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். டீச்சர் என் பெயரையே எடுக்கவில்லை. நேராக வந்து என் இடுப்பிலிருந்த தம்பியை வாங்கிக்கொண்டார். அவன் அவர் சிலுவையைப் பிடித்து வாயில் வைத்தான். அம்மாவுக்கு ஒரே பெருமை.

"டீச்சரம்மாவுக்கு எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டாள்.

டீச்சர் பதில் சொல்லவில்லை. தம்பியின் அரைஞாண் கயிற்றைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அப்புறம் தலையைத் தூக்காமலே, "இந்தப் பயலை விட்டுட்டுப் போக மனசே வரலைங்க. பகல்ல நான் வச்சுக்கறனே. ஸ்கூலுக்குத் தூக்கியாரச் சொல்லுங்க, ஒரு தூளி கட்டிக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். அம்மாவின் முகம் அப்படியே இளகிவிட்டது. டீச்சர் தெரு முனை திரும்புவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்டி, அதுக்குக் குழந்தை இல்ல போலிருக்கு" என்றாள். கிணற்றடியில் தண்ணீர் இறைப்பதற்குள் அந்தச் செய்தி ஊர்ச் செய்தி ஆகிவிட்டது. மறுநாள் அம்மாவே தன் கல்யாணச் சேலைக்கு அடுத்த நல்ல சேலையை மடித்து என் கையில் கொடுத்து, பரணிலிருந்து சிலேட்டையும் எடுத்துத் தந்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு.

மற்ற அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் டீச்சர் மடியில் வளர்வதா என்று அவரவர் குழந்தையை அவரவர் மகளோடு அனுப்ப ஆரம்பித்தார்கள். படிப்பை நிறுத்திய பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு குழந்தையோடு திரும்பி வந்தார்கள். காலையில் டீச்சர் யார் குழந்தையை முதலில் தூக்கினார் என்பது சாயங்காலம் காட்டில் விசாரிக்கப்படும். பொட்டு வைத்து, மை தீட்டி, கல்யாணத்துக்குப் போகிறதுபோல அலங்கரித்து அனுப்புவார்கள். டீச்சருக்கு ஊரே இரக்கப்பட்டது. இரக்கத்தில் யாரும் குறை வைக்கவில்லை.

குழந்தைகள் அழாமல் இருக்க டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வாய்ப்பாடுதான் தாலாட்டு. எங்கள் ஏழாம் வாய்ப்பாட்டுக்குத் தூங்காத குழந்தை கிடையாது. ஒன்பதாம் வாய்ப்பாடு ஆகாது, நடுவில் நாங்கள் தடுமாறுவோம், குழந்தை விழித்துக்கொள்ளும். அதனாலேயே ஒன்பதையும் தடுமாறாமல் கற்றுக்கொண்டோம். மதியம் மணி அடித்ததும் அம்மாக்கள் காட்டிலிருந்து பால் கொடுக்க வருவார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கும்போது எதிரே கரும்பலகைதானே தெரியும்? அதைப் பார்த்துப் பார்த்தே எங்கள் அம்மா தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை மண்ணில் குச்சியால் எழுதிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இதில் ஒட்டாதவர் ஹெட்மாஸ்டர் சார் ஒருவர்தான். நல்ல மனிதர், ஆனால் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்க்கும். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்ததும் தூளி கட்டிய பெண்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்தார். "நாளைக்கு யாரும் குழந்தையைக் கொண்டாரக் கூடாது. இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டுச்சுன்னா தூளியெல்லாம் அவுத்துப் போடச் சொல்லிடுவாரு. அப்புறம் என்னிக்கும் கட்ட முடியாது, புரியுதா?" என்றார். எனக்குப் புரிந்தது. தூளி போனால் தம்பி வீட்டில் இருப்பான். தம்பி வீட்டில் இருந்தால் நானும் வீட்டில்தான். பரண் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "சார் சொன்னாரா, டீச்சர் சொன்னாங்களா?" என்று கேட்டாள். சார்தான் என்றேன். "அவருக்கு வீட்டுல நாலு புள்ளைங்க. அவருக்கு என்ன தெரியும்? ஒரு நாள் பூரா புள்ள முகத்தைப் பாக்கலைன்னா அந்தம்மா வாடிப்போயிடும்" என்றாள். எல்லா வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு குழந்தை பாக்கியில்லாமல் எல்லாக் குழந்தைகளும் வந்துவிட்டன. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததால் சிலருக்குப் புதுச்சட்டை வேறு. சார் திண்டாடிப்போனார். தூளிகளை அவிழ்க்கலாம் என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போடுவதற்கும் வாசலில் சைக்கிள் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோது நாங்கள் ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் இருந்தோம். எழுந்து நின்று வணக்கம் சொன்னோம். அவர் தூளிகளை வரிசையாகப் பார்த்தார். பிறகு எங்களை உட்காரச் சொல்லி, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சத்தம் போடாமல் இருங்கள் என்றார். அதுதான் அவர் செய்த தவறு. வகுப்பு அமைதியானதும் முதல் தூளி நெளிந்தது. அடுத்தது சிணுங்கியது. ஒன்று வீறிட்டதும் அத்தனையும் சேர்ந்துகொண்டன. இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார், சார் ஏதோ சொன்னார், வாய் அசைந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் எதுவும் பேசாமல் கையை மட்டும் உயர்த்தினார். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று மூன்று வகுப்பும் ஒரே குரலில், அவசரப்படாமல், இழுத்து இழுத்துச் சொல்ல ஆரம்பித்தோம். கயிறுகள் ஆடின. எழுபதை எட்டுவதற்குள் வகுப்பில் எங்கள் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை. அப்படி ஒரு தாலாட்டை அந்த இன்ஸ்பெக்டர் அதற்கு முன்னும் கேட்டிருக்க மாட்டார், பின்னும் கேட்டிருக்க மாட்டார்.

எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் தூங்கவில்லை. அவனைத் தூளியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, கரும்பலகைக்கு வரும்படி விரலை ஆட்டினார். ஒரு கணக்கு சொன்னார். தம்பி ஒரு கை, சாக்பீஸ் ஒரு கை. அவன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, நான் போட்டேன். இன்னும் கஷ்டமான ஒன்று சொன்னார். அதையும் போட்டேன். மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் விடையை எழுதிவிட்டேன். வகுப்பே மூச்சு விடாமல் பார்த்தது. வாழ்க்கையில் அதற்கப்புறம் நான் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன், அன்றைக்கு நின்ற மாதிரி நிமிர்ந்து எதிலும் நின்றதில்லை.

பிறகு இன்ஸ்பெக்டரும் டீச்சரும் இங்கிலீஷில் பேசினார்கள். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. டீச்சர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் நிறையப் பேசினார். பேசும்போது கையைத் தூளிகள் பக்கம் நீட்டாமல் எங்கள் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகளைப் பிரித்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார் என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார். "உத்திரம் கெட்டியா இருக்கான்னு அப்பப்பப் பாத்துக்கங்க சார்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டாள். "புள்ளையத் தொட்டுப் பாத்தாரா?" என்றாள். இல்லை, என்னைத்தான் தொட்டார் என்றேன். "அந்தாளுக்குக் குழந்தைங்க அருமை தெரியல" என்று முடித்துவிட்டாள்.

ஐந்தாம் வகுப்பு முடித்து, உப்பிலியபுரத்தில் படித்து, ஆசிரியர் பயிற்சிக்காக நான் திருச்சிக்கு வந்தபோது எண்பதுகளின் பிற்பகுதி. டீச்சர் அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார். விசாரித்து, புத்தூரில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். அம்மா ஒரு பை நிறைய நிலக்கடலையும் ஒரு எச்சரிக்கையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். "புள்ள குட்டிப் பேச்சை எடுத்துடாதடி, மனசு நோகும்."

கதவைத் திறந்தவன் மீசை முளைத்த ஒரு பையன். என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவன். "அம்மா, உங்க ஸ்டூடன்ட் போலிருக்கு" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். பின்னாலேயே அவன் தங்கை எட்டிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் டீச்சருடைய அதே மூக்கு. நான் தம்பியை இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் இங்கே அப்பாவோடும் அத்தையோடும் இருந்து வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அங்கே ஓர் ஊரே அவருக்காக உச்சுக் கொட்டியிருக்கிறது. அவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

டீச்சர் என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். என் கையெழுத்து திருந்தியதா என்று கேட்டார். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் நான் எந்த இடத்தில் தடுக்குவேன் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. மற்ற பெண்களைப் பெயர் சொல்லிச் சொல்லி விசாரித்தார். ஒருத்தி நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள் என்றதும் யோசிக்காமலே சிரித்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது, தம்பியைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. பொறுக்கமாட்டாமல் நானே, "தம்பி அஞ்சாவது போறான் டீச்சர்" என்றேன்.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் தம்பி?" என்றார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அந்த நாளில் தம்பி நன்றாக நடக்க ஆரம்பித்து, எனக்கு முன்னால் ஓடிய பிறகும், பள்ளிக்கூட வாசல் நெருங்கியதும் நான் துரத்திப்போய் அவனைப் பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். அவன் திமிறுவான், கடிப்பான், நான் விடமாட்டேன். வெறும் இடுப்போடு போய் நின்றால் டீச்சர் என்னை எதற்கு உள்ளே விடப்போகிறார் என்று அப்போது நினைத்திருந்தேன்.