பூஜ்யத்துக்கு இறக்கிய பேட்டரி

அந்தத் தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை அவளுடையது ஒன்றுதான். எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் மீட்டர். யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, இழுப்பறையிலிருந்து மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்து அளந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். "நான் சாப்பிட்டாச்சுன்னு சொன்னாக்கூட இவ பாத்திரத்தத் திறந்து பாப்பா" என்று பஸ் ஓட்டும் அவள் கணவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

முப்பது பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து தொழில் படித்தவள். முதலில் சேர்ந்த கடையில், "பொண்ணுங்க ஃபோன் எடுத்தாப் போதும்" என்று முன்னால் உட்கார வைத்தார்கள். உள்ளே பழுது பார்த்தவன் ஒருநாள் ஒரு லேப்டாப்பின் போர்டைத் தீய்த்துவிட்டு, பழியை இவள் தலையில் கட்டினான். ஃபோன் எடுக்கிறவள் எப்படிப் போர்டைத் தீய்ப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றே வெளியே வந்தாள். செய்யாத தப்புக்கு ஒருவர் கைகட்டி நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் அவளால் விட்டுவிட்டுப் போக முடியாது.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பன்னிரண்டு பெண்களுக்குப் பன்னிரண்டு லேப்டாப்கள். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே ரகம். அதில் ஒன்று மட்டும் நாற்பது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. அதை வைத்திருந்த அம்மாளால் ஒரு நாளைக்கு நான்கு வீடுகூட முடிக்க முடியவில்லை. ஐம்பதை நெருங்கியவர், எட்டு வருடமாக அங்கே வேலை. கருவியைக் கெடுத்தார் என்று எழுதி, ஒப்பந்தத்தை மாதக் கடைசியோடு முடிக்கத் தாள் தயாராகிவிட்டது. மெக்கானிக்கின் கையெழுத்துதான் பாக்கி.

"எல்லாம் எழுதி வச்சிருக்கேன் மேடம். கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்" என்றார் மேற்பார்வையாளர்.

"மெஷினப் பாக்காம எப்படி சார் போடுறது?"

"பதினொண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு கெட்டுப்போச்சு. இதுல பாக்க என்ன இருக்கு?"

அந்த அம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எதிரே மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.

"நீங்க உக்காருங்கக்கா" என்றாள் மீட்டர்.

அவர் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தார். உட்காரவில்லை.

மீட்டர் வேலையைத் தொடங்கினாள். பின்னால் ஓடும் வேண்டாத நிரல்கள் ஏதுமில்லை. திரை வெளிச்சம் அளவாகத்தான் இருந்தது. மற்ற லேப்டாப்கள் எவ்வளவு மின்சாரம் இழுத்தனவோ அவ்வளவுதான் இதுவும் இழுத்தது. ஆக, லேப்டாப்புக்குப் பசி அதிகமில்லை. பேட்டரிக்குத்தான் வயிறு சுருங்கிவிட்டது. லேப்டாப்பே எழுதி வைத்திருந்த பேட்டரி அறிக்கையைத் திறந்தாள். புதிதில் பிடித்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இப்போது பிடிக்கவில்லை. வாரம் தவறாமல் இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

"அக்கா, தினமும் எப்ப சார்ஜ் போடுவீங்க?"

"ரூல்படிதான் மேடம். தானா அணைஞ்ச பிறகுதான்."

சுவரைக் காட்டினார். கண்ணாடித் தாள் ஒட்டிய அறிவிப்பு: பேட்டரி பூஜ்யத்துக்கு வந்து தானாக அணைந்த பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும், வார விடுமுறைக்கு முன் பூஜ்யமாக்கியே ஒப்படைக்க வேண்டும், மீறினால் நடவடிக்கை. சார்ஜர்கள் இரும்பு அலமாரியில் இருந்தன. சாவி மேற்பார்வையாளரின் இடுப்பில்.

"சாயந்தரம் கொஞ்சம் மிச்சமிருந்தா?"

"வெளிச்சத்த முழுசா வச்சிட்டு, அணையிற வரைக்கும் உக்காந்திருப்பேன். முன்னெல்லாம் சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். எல்லாரும் போயிடுவாங்க."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா மேடம். ஒருநாள்கூடத் தவறினதில்ல."

சொல்லும்போது அவர் குரலில் சின்னப் பெருமை இருந்தது. மீட்டர் சுவரில் இருந்ததை மறுபடி படித்தாள். பழைய காலத்துப் பேட்டரி ஒன்றுக்குச் சொன்ன பேச்சு அது. இப்போதைய பேட்டரியை நாள்தோறும் பூஜ்யத்துக்கு இறக்கி, வார விடுமுறையில் காலியாகவே இரண்டு நாள் பூட்டி வைப்பது, அதைப் பட்டினி போட்டுக் கொல்வதுதான். எவனோ எப்போதோ சொன்னதை ஒருவர் கேட்டார். கேட்டதைச் சோதிக்காமல் அச்சடித்தார். சுவரில் ஏறியதும் அது சட்டமாகிவிட்டது. மூடநம்பிக்கைக்கு லேப்டாப் என்ன, வேறு எது என்ன.

அப்படியானால் மற்றப் பதினொன்றும் எப்படிப் பிழைத்தன? தாழ்வாரத்தில் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி மீட்டரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"போற வீட்டுல தண்ணி கேட்டாக் குடுக்குறாங்கல்ல, ப்ளக்கும் குடுப்பாங்க. சொந்த சார்ஜர் பையில இருக்கும். ஒப்படைக்கும்போது யாரும் திறந்து பாக்குறதில்ல. அந்த அக்காவுக்கும் சொன்னோம், கேக்கல. ரூல்னு சொல்லிட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இத எழுதிடாதீங்கக்கா. எங்க பொழப்புல மண்ணு விழும்."

விதியை மீறிய பதினொரு பேர் பத்திரம். விதியைக் கட்டிக்கொண்டு அழுத ஒருவருக்குத் தண்டனை. உண்மையை முழுதாக எழுதினால் அந்தப் பதினொரு பேரையும் பிடித்துக்கொள்வார்கள். எழுதாவிட்டால் அந்த அம்மாள் வெளியே போவார். மீட்டர் மேற்பார்வையாளரின் மேசைக்கு வந்தாள்.

"சார், உங்க லேப்டாப்பையும் குடுங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்."

"என்னோடதுக்கு என்ன? அது நல்லாத்தானே இருக்கு."

"அதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார். அதே ரகமான அவருடைய லேப்டாப்பும் தன் கதையை ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தது. இரண்டு வருடத்தில் பேட்டரியில் ஓடிய நேரம் மொத்தமே சில மணி. ஒரு தடவைகூடப் பூஜ்யத்தைத் தொடவில்லை. சார்ஜர் சுவரிலேயே குடியிருந்தது.

"நீங்க போட்ட ரூல நீங்க ஒருநாள்கூடச் செய்யல சார்."

"நான் ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்குறவன். அது ஃபீல்டுக்குப் போறவங்களுக்கு."

"பேட்டரிக்கு அது தெரியுமா?"

அவர் தயாராக இருந்த தாளை அவள் பக்கம் தள்ளினார். "பழகின கடைன்னுதான் கூப்பிட்டேன். இனிமே வேற கடையக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. அவங்களும் இதே அறிக்கையத்தான் பாப்பாங்க."

புதுத் தாளில் இரண்டே இரண்டு லேப்டாப்களைப் பற்றி எழுதினாள்: சுவரில் இருக்கும் விதிப்படி ஓடியது ஒன்று, அப்படி ஓடாதது ஒன்று, முதலாவது கெட்டதற்குக் காரணம் விதி. அறிக்கைகளை இணைத்து, ஒரு பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினாள். பதினொரு பேரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

பத்து நாள் கழித்து அந்த அம்மாள் லேப்டாப்போடு கடைக்கு வந்தார். பேட்டரி மாற்றச் சொல்லி உத்தரவாம். ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். "மனிதாபிமான அடிப்படையில், இந்த ஒருமுறை மட்டும்" என்று கடிதம் சொன்னது. தவறு யாருடையது என்று அதில் இல்லை. அறிவிப்பைச் சத்தமில்லாமல் கிழித்துவிட்டார்களாம்.

"சார் மன்னிப்புக் கடிதம் கேட்டாரு மேடம். எழுதிக் குடுத்துட்டேன்."

"எதுக்கு மன்னிப்பு?"

"வேல இருக்கே, அது போதும்."

மீட்டருக்குச் சீ என்று வந்தது. அவர்மேல் அல்ல, எட்டு வருடத்தில் ஒரு மனுஷியை இப்படிப் பழக்கி வைத்தவர்கள்மேல். திருகாணிகளைக் கழற்றிப் புதுப் பேட்டரியைப் பொருத்தினாள். அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"இனிமே எத்தனையில சார்ஜ் போடணும்னு எழுதிக் குடுங்க மேடம். ஒருநாள்கூடத் தவறாம அப்படியே செய்றேன்."

மீட்டர் நோட்டை வாங்கவில்லை. உடைந்த லேப்டாப்களை ஒதுக்கி ஒரு நாற்காலியைக் காலி செய்தாள்.

"எழுதித் தர மாட்டேன்க்கா. ஏன் கெட்டுச்சுன்னு காட்டுறேன், உக்காருங்க. எப்பப் போடணும்னு அப்புறம் நீங்களே எனக்குச் சொல்லுங்க."

இந்தத் தடவை அவர் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.