மூன்றாம் தொட்டியின் மீட்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்றிரண்டு வருஷமாகவே மனசுக்குள் போட்டு அல்லாடிக்கொண்டிருந்தேன். எழுதினால் பழி என் மகள் மேல் விழுமோ என்று பயம். போன வாரம் அவளே, "எழுதுப்பா, யாராவது உஷாரா இருப்பாங்க" என்றாள். பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். தொட்டியில் விஷவாயு கூடினால் மீட்டர் காட்டும், உடனே எங்கள் போன் அலறும். அலறினால் யாரும் கிட்டே போகக் கூடாது. போனை அலற வைக்கும் அந்தப் புரோகிராமை எழுதியது என் மகள்தான். வேலூரில் ஒரு சின்ன ஆபீசில் வேலை.

அவளுக்குக் கூடமாட எழுதித்தர ஒரு ஏஐ இருக்கிறது. முதலில் அதற்கு நேற்றுச் சொன்னது இன்றைக்கு ஞாபகம் இருக்காது, தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஒரே பேஜார் என்பாள். அப்புறம் வேலை விவரங்களை அது மறக்காமல் வைத்துக்கொள்ளும்படி செய்தாள். அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் கேசரி கிண்டினோம். அப்படி அவள் சொல்லிவைத்ததில் ஒன்று: மூன்றாம் தொட்டி மீட்டர் பழுது, சும்மா சும்மா கத்துகிறது, அதை விட்டுவிடு. அன்றைக்கு அது நிஜம்தான்.

பிறகு கம்பெனியில் அங்கே புது மீட்டர் மாட்டினார்கள். அவள் ஆபீசுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சொல்லி வைத்ததை அவளே மறந்துபோனாள். ஏஐ மறக்கவில்லை. அதன்படியே, மூன்றாம் தொட்டிக்கு மட்டும் அலறாதபடி, புரோகிராம் முடிந்து எங்கள் போனுக்கு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாம் தொட்டி மோட்டாரில் தோல் முடி அடைத்துக்கொண்டது. என்னோடு வேலை செய்யும் பாய், ஜும்மா முடித்து வந்து இறங்குகிறேன் என்று போனார். நான் வெள்ளிக்கிழமை வழக்கப்படி மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். இதற்காகவே பாய் என்னைக் கிண்டல் செய்வார். பம்பு ரூமுக்குப் பின்னால் இருந்த மூன்றாம் தொட்டியின் புது மீட்டருக்குப் பொட்டு வைக்கக் குனிந்தால், எண் சிவப்பில் மின்னுகிறது. சட்டைப்பையில் போன் கம்மென்று இருக்கிறது.

திரும்பி ஓடினேன். பாய் அதற்குள் வந்து, ஏணியில் கால் வைத்துவிட்டார்.

"பாய், மேல வாங்க."

"இன்னாண்ணா, ஃபோனு சும்மாத்தானே இருக்குது? இன்னும் எனக்குப் பொட்டு வெக்கலியா?"

"மீட்டர் செவப்புல இருக்குது. மொதல்ல மேல வாங்க."

ஏறி வந்தார். இடுப்புக் கயிற்றைக்கூட அவர் அவிழ்க்கவில்லை. அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவர் அல்லாவைச் சொன்னார், நான் ரங்கநாதரைச் சொன்னேன்.

சாயந்திரம் மகளிடம் சொன்னேன். ஏன் போன் அடிக்கவில்லை என்று அவள் ஏஐயைக் கேட்டாள். மூன்றாம் தொட்டி மீட்டர் பழுது, அதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பணிவாகப் பதில் வந்தது. அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உடனே திருத்தினாள். இப்போதெல்லாம் அது ஞாபகம் வைத்திருப்பதை ஒவ்வொன்றாகப் படித்து, கம்பெனிக்கே வந்து சரிபார்க்கிறாள்.

ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. போன் அலறினாலும் பயம். அலறாமல் இருந்தால் இன்னும் ஜாஸ்தி பயம். பாய் ஏணியில் கால் வைக்கும்போதெல்லாம் நான் பம்பு ரூமுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

படிக்கிறவர்கள் தொட்டி வேலைக்குப் போகிற நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். நான் பாயைக் காப்பாற்றினேன் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். ஏஐ பொல்லாதது என்றும் சொல்ல வேண்டாம். மீட்டரை மாற்றினார்கள், யாரும் சொல்லவில்லை, போன் அடிக்கவில்லை, பாய் ஏணியில் கால் வைத்தார். நடந்தது இவ்வளவுதான். இப்படியே சொல்லுங்கள்.