அமலோர் பார்த்த மங்கலான கேலக்ஸி

அமலோர் போய்விட்டான். இன்று காலை... மாரடைப்பு.

அவன் மனைவி ரீத்தாதான் போன் செய்தாள். "கலைக்கா, அவரு எழுந்திரிக்கவே இல்லக்கா..."  

இங்கே பலருக்கு அவனைத் தெரியாது. குருசுக்குப்பத்துக்காரன், மில் தொழிலாளியின் மகன். நானும் அவனும் ஒரே கைடிடம் பிஎச்டி சேர்ந்தோம். ஒரே ரூம், ஒரே கம்ப்யூட்டர், அதற்காகத் தினமும் ஒரு சண்டை.

மங்கலான கேலக்ஸிகளைத் தேடுவதுதான் எங்கள் வேலை. சாதாரண மங்கல் இல்லை... இருட்டு வானத்துக்கே ஒரு மெல்லிய வெளிச்சம் உண்டு, அதைவிடவும் மங்கல். அவற்றில் வாயு, அதாவது கேஸ், நிறைய இருக்கும். நட்சத்திரம் கொஞ்சம்தான், அதுவும் பரந்து கிடக்கும்.

வானம் வெள்ளையாகவும் கேலக்ஸி கறுப்பாகவும் தெரியும்படி படத்தை மாற்றிப் போட்டுவிட்டு, அமலோர் கதவு வரைக்கும் போய் நிற்பான். அங்கிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். "கிட்ட உக்காந்தா ஒண்ணும் தெரியாது கலை, இங்க வா."

நான் போகமாட்டேன். என் புரோகிராம் மேல் அவ்வளவு நம்பிக்கை. திமிர் என்றே சொல்லலாம்.

அந்தப் புரோகிராம் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வானத்தின் வெளிச்சத்தை அளந்து கழித்துவிடும். மிஞ்சுவதைத்தான் கேலக்ஸி என்று எடுத்துக்கொள்வோம்.

ஒருநாள் கூப்பிட்டான். "இன்னா கலை, கழிக்கறதுக்கு முன்னாடி இங்க ஒண்ணு இருந்துச்சு. உன் புரோகிராம் ஓடுனதும் காணோம்."

"பக்கத்து நட்சத்திரத்தோட வெளிச்சம் சிதறியிருக்கு. விடுப்பா."

"இல்ல, நல்லா பெருசா இருக்கு. கட்டத்தப் பெருசாக்கி ஒருதபா ஓட்டிப் பாரேன்."

ஓட்டவில்லை. ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான். கைடும் என் பேச்சைத்தான் கேட்டார். பட்டியலிலிருந்து அதை நானே எடுத்தேன்.

அவன் தீசிஸ் அதை நம்பித்தான் இருந்தது. ஃபெலோஷிப் பணம் நின்றதும், பிஎச்டியை முடிக்காமலே மூலக்குளத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். என் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தது.

போன வருடம், பெரிய டெலஸ்கோப் ஒன்று எடுத்த புதுப் படங்களை எல்லோரும் பார்க்கலாம் என்று வெளியிட்டார்கள். அதே இடத்தைத் திறந்தேன்.

இருந்தது... என் கட்டத்தைவிடப் பெரிய கேலக்ஸி. அதைத்தான் வானம் என்று நினைத்து என் புரோகிராம் முழுசாகக் கழித்துப் போட்டிருக்கிறது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்கு ஓடினேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். அவன் ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்தான். "மன்னிச்சிடு அமலோர்" என்றேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும். கேஸ் எவ்ளோ இருக்கு? நட்சத்திரம்லாம் இன்னா வயசு?"

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அங்கேயே நின்று அழுதேன்.

அதைப் பற்றிய ஆராய்ச்சிப் பேப்பரை அவன்தான் எழுதினான். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்தி பத்தியாக வாட்ஸப்பில் வரும். உன் பெயர்தான் முதலில் என்று சொன்னேன்.

சிரித்தான். "வரட்டும், ரீத்தாகிட்ட காட்டணும். இத்தினி வருஷமா நான் எத பத்தி பொலம்பிட்டு இருந்தேன்னு அவளுக்குப் புரியும்ல."

போன ஞாயிறு "முடிச்சிட்டேன் கலை, ஜர்னலுக்கு அனுப்பிடலாமா?" என்று கேட்டான். எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ப்பா" என்றேன். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ரீத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத அனுப்பிடுக்கா. தெனமும் அதையேதான் கேட்டுட்டு இருந்தாரு."

எழுதியவர் உயிரோடு இல்லையென்றால், பேப்பரில் அவர் பெயருக்கு மேல் சிலுவை மாதிரி ஒரு சின்னக் குறி போடுவார்கள். கீழே 'காலமானார்' என்று ஒரு வரி.

முதல் பெயர் அவனுடையது. குறியை நான் போட்டேன்.

நாளை மாலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வா அமலோர்... அனுப்பிட்டேன்ப்பா.