ஏழாம் நம்பர் பஸ் போகும் ஊர்

எங்கள் பக்கத்தில் வளைகுடாவின் எந்த நாட்டுக்குப் போனாலும் துபாய்க்குப் போனதாகத்தான் சொல்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான் துபாய்க்குப் போனாள். அவள் போனது வேறொரு நாடு என்பதைப் பின்னாளில் பள்ளி அட்லஸில் தேடித் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு பெரிய வீட்டில் சமையலும் வீட்டு வேலையும். அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லப்பட்டு, ஒவ்வோர் ஆண்டும் ஆகாமல் போன வேலை அது. சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்கு வெளியே, சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை வீட்டில் நாங்கள் இருந்தோம். வெளிநாடு போவதற்கு முன் அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் பாத்திரம் தேய்த்தாள். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது புறப்பட்டு, மூன்று பிளாக்குகளை நடந்தே கடப்பாள். விமான நிலையத்துக்கு அழைத்துப்போன வேனைத் தவிர அவள் வேறு எந்த வண்டியிலும் ஏறி நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆகவே கடிதத்துக்குப் பதில் கேசட் வந்தது. அந்த வீட்டில் கார் ஓட்டியவர் எங்கள் பக்கத்துக் காடாம்புலியூர்க்காரர். தன் டேப் ரெக்கார்டரை அவர் அம்மாவுக்கு இரவல் தருவார். பேசிப் பதிந்த கேசட்டை, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை வாசற்கதவைச் சாத்துவார், அப்பா பொத்தானை அழுத்துவார், அம்மா பேசத் தொடங்குவாள்.

"பாப்பா, ஞாயித்துக்கெழம கோயிலுக்கு ஏழாம் நம்பர் பஸ்ல போனன். உள்ள ஜில்லுனு இருக்கும். பஸ்சு நின்னா கதவு தானா தொறக்கும், தானா மூடிக்கும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ரவுண்டானா தாண்டி பெரிய ஆஸ்பத்திரி வரும். அதாண்ட ஒரு புளியமரம். அங்க எறங்கி டாக்ஸில ஏறிக்கினன். டாக்ஸிக்காரரு எறங்கி வந்து கதவ தொறந்துவுட்டாரு, பாத்துக்கோ!"

இந்த இடத்தில் அத்தை தவறாமல் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். "ம்க்கும், மகாராணிக்குக் கதவ தொறந்துவுட ஒருத்தன் வேற. இங்க நான் ரேஷன் கடையில நின்னுகினு கெடக்கறன்."

அப்பா சிரிப்பார். நான் சிரிக்கமாட்டேன். கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தை விரித்துவைத்து, அம்மா சொல்லச் சொல்ல அந்த ஊரைப் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பேன். ஏழாம் நம்பர் பஸ்ஸின் பாதை சிவப்பு, டாக்ஸி மஞ்சள், வீட்டுக்காரரின் காரில் போகும் பாதை நீலம். ரவுண்டானா, ஆஸ்பத்திரி, புளியமரம், இருபுறமும் வேப்பமரம் நின்ற நேர்சாலை, ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும் எண்ணிட்ட வீடுகள், பிளாக் முனையில் பால் பூத். ஒரு கேசட்டில் சொன்ன திருப்பத்தை அடுத்த கேசட்டில் அம்மா மாற்றிச் சொன்னதே இல்லை. அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உலகத்து ஊர்கள் எல்லாமே எங்கள் டவுன்ஷிப்பைப்போல் பிளாக் பிளாக்காகத்தான் கட்டப்பட்டிருக்கும் என்று நம்பியிருந்தவள் நான். ஆகவே அந்த வரைபடத்தில் சந்தேகப்பட எனக்கு எதுவும் இருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு, அம்மாவின் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கையில், அந்தக் காடாம்புலியூர்க்காரரே விடுமுறையில் வந்தார். பலாக்காலம். தன் தோப்பிலிருந்து ஒரு பழத்தைத் தோளில் சுமந்துவந்து வாசலில் இறக்கிவைத்தார். சட்டைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

அந்தக் கேசட்டில் பயணம் குறைவாகவே இருந்தது. காரில் கடற்கரைக்குப் போனதாகவும், அலைச் சத்தத்தில் என்னை நினைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். பிறகு அம்மா கேட்டாள்: "ரெண்டு வருசம் முடியப்போவுது. வூட்டுக்காரம்மா இன்னும் ரெண்டு வருசம் இருன்னு சொல்றாங்க. நீங்க வான்னா வந்துடறன். இருன்னா இருக்கறன். பாப்பாவ கேளுங்க. பாப்பா என்னா சொல்லுதோ அதுதான்."

அப்பா டேப்பை நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்து வயதில் அப்படி எல்லோராலும் பார்க்கப்படுவது எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே போய் வரைபடத்தை எடுத்துவந்தேன்.

"மாமா, எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க. நீங்கதான அங்க கார் ஓட்டறீங்க?"

அவர் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலைச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். புளியமரத்தில் விரல் நின்றது.

"அந்த ஊர்ல ஏது பாப்பா புளி…" என்று தொடங்கியவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா போட்டுருக்க. ஆமா, அக்கா இருக்கற வூடு எங்க? அத காணமே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை சாலைகளுக்கு நடுவே வீட்டை மறந்திருந்தேன். அம்மா தன் வீட்டைப் பற்றி எதுவுமே சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் என் பென்சிலை வாங்கி, ஓரத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் ஒரு சதுரம் போட்டார். அதைச் சுற்றி இன்னொரு சதுரம். "இது வூடு. இது காம்பவுண்டு செவுரு." அவ்வளவுதான். நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

பெரியவர்களுக்குப் படம் போடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சுவரில் அவர் ஒரு வாசல்கூட வைக்கவில்லை. வீட்டிலிருந்து எந்தச் சாலைக்கும் பாதை போடவில்லை. அவர்கள் வெளியே போனதும் ரப்பரால் சுவரை மூன்று இடங்களில் அழித்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பாதைகளையும் அந்த வீட்டோடு சேர்த்தேன்.

வேலியோரம் அவரும் அப்பாவும் பேசுவது கேட்டது.

"அண்ணே, அக்காவ கூப்டுக்குங்க."

"ஏம்பா, கஷ்டப்படுத்தறாங்களா?"

"அடிக்கறது திட்டறதுலாம் இல்ல. வூட்டுக்குள்ளயேதான் இருக்காங்க. வெளி கேட்டு சாவி வூட்டுக்காரம்மாகிட்ட. நான்கூட சமையகட்டு ஜன்னலாண்ட நின்னுதான் கேசட்ட குடுப்பன்."

"பஸ்ல போறன், கார்ல போறன்ங்கறாளே?"

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். காற்றில் வந்து படியும் நிலக்கரித் தூசியை அப்பா நெடுநேரம் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்பாவையே கேக்கச் சொல்லியிருக்கா. அதுவே சொல்லட்டும்" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு முழுதாகக் கேட்டது. ஒரு சொல்லும் தவறவில்லை. ஆனால் வெயில் காலத்தில் யார்தான் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள்? குவார்ட்டர்ஸ்களிலும் கேட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேதான் வைத்துக்கொள்வார்கள். அம்மா பொய் சொல்லக்கூடும் என்பதைவிட, கார் ஓட்டுகிறவருக்கு ஏழாம் நம்பர் பஸ்ஸைப் பற்றித் தெரியாது என்பதே எனக்கு நம்பும்படி இருந்தது.

விடுமுறை முடிந்து திரும்புமுன் அவர் பதில் கேசட்டை வாங்க வந்தார். டேப் ரெக்கார்டருக்கு முன் என்னை உட்காரவைத்துவிட்டு அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கார்க்காரர் மட்டும் குனிந்து என் காதருகே சொன்னார்: "வந்துடும்மான்னு சொல்லு பாப்பா. அவ்ளோதான். வேற ஒண்ணும் வேணாம்."

சரி என்று தலையாட்டினேன். உண்மையில் அதைத்தான் சொல்லவும் நினைத்தேன். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்து டேப் சுழலத் தொடங்கியதும் அந்த ஊர் முழுவதும் என் கண்முன் வந்துவிட்டது. தானாகத் திறக்கும் கதவு, ஜில்லென்ற பஸ், கடற்கரைக்குப் போகும் கார். அம்மா வந்துவிட்டால் அதில் எதையும் நான் பார்க்க முடியாது. என் வகுப்பில் யாருக்கும் அப்படியோர் ஊர் கிடையாது.

"அம்மா, நீ வராத. அங்கயே இரு. நான் பெரிய பரீட்சை எழுதிட்டு அங்க வரேன். ஏழாம் நம்பர் பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்கு."

கார்க்காரர் கையை நீட்டி டேப்பை நிறுத்தினார். "அழிச்சிட்டு வேற பேசலாமா?" என்றார். அத்தை சிரித்தார். வாசலிலிருந்து அப்பா, "பரவால்லப்பா, கொழந்த ஆசப்படுது, இருக்கட்டும்" என்றார். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

மூன்று மாதம் கழித்து வந்த கேசட்டில் அம்மா, "சரிம்மா" என்று தொடங்கினாள். நான் சாப்பிட்டேனா, தலைக்கு எண்ணெய் வைக்கிறேனா என்று கேட்டாள். பஸ் இல்லை, டாக்ஸி இல்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு கேசட்டுகளிலும் இல்லை. அந்த ஊர் அம்மாவுக்குப் பழகிச் சலித்துவிட்டது என்று முடிவுசெய்து, வண்ணப் பென்சில்களை எடுத்துவைத்துவிட்டேன்.

அம்மா திரும்பியபோது நான் ஏழாம் வகுப்பு. பண்ருட்டி பேருந்து நிலையத்திலிருந்து அப்பா ஓர் அம்பாசிடரில் அழைத்துவந்தார். கார் எங்கள் வாசலில் நின்றது, எல்லோரும் கூடிவிட்டார்கள். அம்மா இறங்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சுற்றிவந்து கதவைத் திறந்த பிறகுதான் காலைக் கீழே வைத்தாள். கறுத்துப்போய் வருவாள் என்று நினைத்திருந்தேன்; சுவரைப்போல வெளுத்திருந்தாள்.

வீட்டிலும் அப்படித்தான். கதவு சாத்தியிருந்தால் அதன் முன்னால் போய் நிற்பாள். தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கைமட்டும் போகாது. யாராவது பார்த்துத் திறக்கும்வரை நிற்பாள்.

அத்தை இதைத் தெருவெல்லாம் சொன்னார். "நாலு வருசம் கார்லயே போய் பழகிட்டா. கதவகூட நாமதான் தொறந்துவுடணும் போல."

அத்தை சொன்னது கேலி என்று புரிந்தாலும், அதிலிருந்த செய்தி எனக்குப் பெருமையாகவே இருந்தது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டு அம்மா சாத்திய கதவின் முன் நின்றாள். நான் ஓடிப்போய் டாக்ஸிக்காரரைப்போல் குனிந்து தாழ்ப்பாளை விலக்கி, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"எறங்குங்க மேடம். கோயில் வந்துடுச்சு."

அம்மா வெளியே பார்த்தாள். தெரு, அதைத் தாண்டி அவள் பல வருடம் நடந்த சாலை, தூரத்தில் ரவுண்டானா, ஆஸ்பத்திரி, அதன் பக்கத்தில் புளியமரம். அம்மா படியைத் தாண்டவில்லை. என்னிடம் மெல்லிய குரலில் கேட்டாள்:

"போலாமா?"

நான் அதை விளையாட்டின் அடுத்த வரியாக எடுத்துக்கொண்டேன். இடுப்பில் கைவைத்து, குரலைக் கனமாக்கி, "கொஞ்சம் இருங்க மேடம், கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்து, சுவரோரமாக நின்றுகொண்டாள்.