மிளகாய் காயவைக்கும் நேரம்

அன்று குழம்புக்கு நான் உப்பே போடவில்லை. ஆனாலும் கரித்தது. கையில் கரண்டியோடு மசாலா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தில், மல்லி, மிளகாய்க்கு அடுத்து உப்பு. இனிமேல் இந்த வீட்டுக்குள் பாக்கெட் கிடையாது என்று அடுப்படியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் திருவொற்றியூர் வீட்டில் இருந்தார். பிரஷர் ஏறிக் கிடந்தது. உப்பைக் குறையுங்கள், தடை முடிவதற்குள் இறங்காவிட்டால் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சப்பென்று இருந்தால் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வேன் என்று அப்பாவும் எங்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

படிப்பை முடித்து வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுச் சும்மா இருந்த எனக்கு இது போதாதா? மறுநாளே மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் வாங்கினேன். வெயில் கொஞ்சமும் வீணாகக் கூடாது என்று காலை ஆறரைக்கே மொட்டைமாடியில் அம்மாவின் வெள்ளைப் புடவையை விரித்துக் கொட்டினேன். மாலையில் மிஷினில் அரைத்து, அடுத்த நாள் மத்தியானம் வஞ்சிரக் குழம்பு.

அப்பா ஒரு வாய் வைத்தார். "இன்னாம்மா, மீனு லாரிக்கு அடியில மாட்டிகினு வந்துச்சா? டீசல் வாசன அடிக்குது."

கையைக் கழுவிவிட்டு ஓட்டலுக்குப் போனார்.

மாடிக்குப் போய்ப் புடவையை உதறினேன். கரித்தூள் பறந்தது. துவைத்த துணியோடு மேலே வந்த அம்மா பார்த்துவிட்டாள். "இஸ்கூலு போசொல்ல யூனிபார்ம்ல இம்மாந்தூண்டு கரி பட்டா ஊரயே கூட்டுவ. துன்ற பொருள இப்டிப் போட்டுக்கீற."

எங்கள் தெருவில் யாரும் காலையில் வெள்ளைத் துணி உலர்த்த மாட்டார்கள். அந்த நேரத்துக் காற்று மணலி எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து கரியும் புகையுமாக வரும். பதினொன்றரை வாக்கில் கடல் காற்று திரும்பிய பிறகுதான் கொடியில் துணி ஏறும். ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்கு இது தெரியும். மிளகாய்க்கும் அதே காற்றுதான் என்பது மட்டும் தோன்றவில்லை.

இரண்டாம் முறை பதினொன்றரைக்கு மேல் விரித்து நான்கு மணிக்கு அள்ளினேன். இரண்டு நாள் அப்படி. குழம்பில் உப்பு பாதிதான். ஈடுகட்டப் புளியைக் கூட்டி, சின்ன வெங்காயமும் மாங்காயும் போட்டேன். அப்பா வழக்கம்போல ஒரு சிட்டிகை உப்பைத் தட்டோரம் வைத்துக்கொண்டார். சாப்பிட்டு எழுந்தபோதும் அது அங்கேயே இருந்தது.

போன வாரம் பிரஷர் இறங்கியிருந்தது. மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆனால் படகில் சமைக்கிறவர் கொட்டுவதும் பாக்கெட்தான். அதை நான் சொல்வதற்கு முன் அப்பாவே கேட்டார். "எட்டு பேருக்குப் பத்து நாளிக்கு வரணும். ஒரு டின்னு தூளு குடு."

கடல் ஈரத்தில் தூள் கட்டிதட்டிவிடும். மல்லியை இன்னும் கொஞ்சம் வறுக்க வேண்டும், பெரிய டின்னுக்குப் பதில் நான்கு சின்ன டப்பாக்களில் அடைக்க வேண்டும். இரண்டு கிலோ மிளகாய் வாங்கி வைத்திருக்கிறேன். நாளை பதினொன்றரைக்கு மாடி ஏறுகிறேன்.