முடிச்சூர் வெயிலும் மைனஸ் பதினெட்டும்

ஞானஜோதி அக்கா தோள்பையைக்கூட இறக்கவில்லை. கைபேசியில் தன் ஊரான முடிச்சூரின் வெயில் எத்தனை டிகிரி என்று பார்த்து, அதை முதல் கணினியில் தட்டிவிட்டு அடுத்த மேசைக்கு ஓடுகிறார். அங்கே திரையில் முப்பத்தெட்டு வந்து நிற்கிறது. "வந்துட்டான்யா" என்று சொன்ன பிறகுதான் உட்காருகிறார். தினமும் காலையில் இப்படித்தான்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் எங்கள் ஐஸ்கிரீம் கிடங்கில் நான் கணக்கு எழுதுகிறேன். அக்காவுக்கு வேலை, ஒன்றோடொன்று பேசத் தெரியாத இரண்டு புரோகிராம்களைப் பேசவைப்பது. குளிர் அறையின் குளிரை அளந்து சொல்லும் பழையது, அரிகிருஷ்ணன் சார் 'சி' என்ற கணினி மொழியில் எழுதியது. குளிர் குறைந்தால் மணியடிக்க வேண்டிய புதியது, சின்மயி ஆறு மாதமாகப் பைத்தானில் எழுதியது. இங்கிருந்து எண்ணை வாங்கி அங்கே புரிகிற மாதிரி கொடுக்கும் நடுத்துண்டு அக்காவுடையது. "மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல நிக்கிற வேலைப்பா. ரெண்டு பேருக்கும் நல்லவளா இருக்கணும்" என்பார்.

வியாழக்கிழமை புதியதை முதன்முறையாக நிஜ அறையோடு இணைத்தோம். இணைத்ததுதான் தாமதம், மணி அலறியது. திரையில் அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினெட்டு டிகிரி! காவலாளி ஜெயக்கொடி மணல் வாளியோடு ஓடிவந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளி சிரிக்கவில்லை, சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் புதியதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார். சின்மயியின் முகம் சுண்டிவிட்டது. தன்னுடையது மைனஸ் பதினெட்டு என்றுதான் அனுப்புகிறது என்று அரிகிருஷ்ணன் சார் சத்தியம் செய்தார். வந்ததைத்தான் காட்டுகிறேன் என்று அவள் அழாக்குறையாகச் சொன்னாள். இரண்டும் உண்மை, அதுதான் பேஜார்.

அக்கா தன் நடுத்துண்டைத் திறந்து வரிவரியாகப் படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். எண்ணுக்கு முன்னால் மைனஸும் வரலாம் என்று அதில் சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் மைனஸ் பதினெட்டு அந்தப் பக்கம் இப்படிப் பூதமாகத்தான் போய்ச் சேருமாம். தினமும் சோதித்துப் பார்த்தது முடிச்சூர் வெயிலை வைத்தல்லவா? முதலாளியிடம் அவரே போனார்.

"தப்பு என்னுதுதான் சார், அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. இந்த வெயில்ல வேகுறவளுக்கு மைனஸ் எங்க ஞாபகம் வரும்?"

ஒரு வரி மாறியது. மணி அடங்கியது. திரையில் மைனஸ் பதினெட்டு. முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். சின்மயி மட்டும் நம்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்துபோய்க் குளிர் அறைக் கதவைத் திறந்து, கையைச் சற்று நேரம் உள்ளே நீட்டியிருந்துவிட்டு வந்து, அந்த உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தார்.