திரை கட்டிய காரின் பின் சீட்டு

எங்கள் கீழக்கரையில் கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் வீட்டுக்காரர் வந்தபோது அவரோடு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பழைய சீமைக் காரும் வந்தன. பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. காரை எங்கே வைப்பது? உம்மா முற்றத்து மதிலை இடித்து வழி விட்டார்கள். மாப்பிள்ளை என்றால் அப்படி ஒரு தாங்கல்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. அந்தக் காரை அவர் வாடகைக்கு ஓட்டினார். பெரும்பாலும் பெண்கள் சவாரிதான். ஏர்வாடி தர்காவுக்கு, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீடுகளுக்கு. ஜன்னல்களுக்கெல்லாம் துணித்திரை, டிரைவருக்கும் பின் சீட்டுக்கும் நடுவே இன்னொரு திரை. உள்ளே இருப்பவர்களுக்கு ரோடு தெரியாது. பள்ளம் வந்தது, பள்ளத்தில் விழுந்த பிறகுதான் தெரியும். தலை கூரையில் இடிக்கும், பக்கத்தில் இருப்பவள் மடியில் போய் விழுவோம். அந்நிய ஆண் காதில் விழப் பேசுவது மரியாதை இல்லை என்று ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். வீட்டுக்குள் போன பிறகுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

முதல் பிள்ளை வயிற்றில் ஏழாம் மாதம். அந்தக் காரில்தான் ஏர்வாடி போய்த் திரும்பினேன். வழியில் ஆடுகள் குறுக்கே ஓடின, அவர் பிரேக்கை மிதித்தார். கம்பியால் இழுக்கிற பழைய பிரேக் அது. ஒரு பக்கச் சக்கரம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. வண்டி கோணிக்கொண்டு நின்றது, நான் சீட்டிலிருந்து கீழே விழுந்தேன். மறுநாள் பிள்ளை தங்கவில்லை. "இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. அந்த அம்மா சொல்லவில்லை, நான் சொன்னேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "உங்க வண்டிதான் என் பிள்ளையக் கொன்னுச்சு."

மறுபடி உண்டானேன். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாதா மாதம் வந்து காட்ட வேண்டும், பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், வீட்டில் வைத்துப் பார்த்தால் தாய்க்கும் ஆபத்து. பஸ்ஸில் நிற்க இடம் கிடையாது, மாட்டு வண்டி அதைவிட மோசம். இருந்தது இவர் கார் ஒன்றுதான். அதில் ஏறமாட்டேன் என்று நான் படுத்துக்கொண்டேன்.

அவர் காரை மதுரைக்குக் கொண்டுபோனார். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஸ்பிரிங்குல ரெண்டு ரெண்டு பட்டை கூடப் போட்டிருக்கேன். இனிமே யானை ஏறுனாலும் அசையாது."

ஏறினேன். தெருமுனை தாண்டுமுன் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். முன்னாவது குலுக்கியது, இப்போது தூக்கித் தூக்கிப் போட்டது.

"யானைக்குப் போட்டீங்க, சரி. எனக்கு என்ன போட்டீங்க?"

"ஆம்பளைகள ஏத்திட்டுப் போறேன். ஒருத்தரும் குறை சொல்லலையே" என்றார்.

"ஆம்பளைக அஞ்சு பேரு நெருக்கிக்கிட்டுப் போறீங்க, பாரத்துல வண்டி அமுங்கிருது. திரை இல்லாததால பள்ளம் தெரியுது, பிடிச்சுக்கிறீங்க. ஒரு நாளைக்குத் திரைக்குள்ள உக்காந்து பாருங்க."

"ஆம்பளை திரைக்குள்ள போனா ஊரு சிரிக்கும்."

"திரைக்குள்ள இருக்கிறது ஆருன்னு ஊருக்கு எப்படி மச்சான் தெரியும்?"

மறுநாள் அவர் ராமநாதபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் ஓட்ட, இவர் பின்னால் திரையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திருப்புல்லாணி வரை போய் வந்தார்கள். இறங்கும்போது தொப்பி கையில் இருந்தது, நெற்றி வீங்கியிருந்தது. கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இத்தனை நாளும் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நான் சொன்னேன்ல."

"நீ சொன்னே" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"பாய், பட்டை கூடினா பாரம் தாங்கும். ரெண்டு பொம்பளையாளு கனத்துக்கு இது வளையவே வளையாது. வளைஞ்சாத்தான குலுக்கல் குறையும்?" என்று மெக்கானிக் சொன்னார். கூடப் போட்டதையெல்லாம் கழற்றினார். உப்புக்காற்றில் துருவேறி ஒட்டிக்கிடந்த பட்டைகளைப் பிரித்துத் தேய்த்து கிரீஸ் வைத்தார். துள்ளலைப் பிடித்து நிறுத்த நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர் போட்டார். அதே மாதிரிக் கார் ஒன்று மதுரையில் உடைப்புக்கு வந்திருந்தது. அதிலிருந்து ஆயில் பிரேக்கைக் கழற்றி வந்து மாட்டினார்கள். ஆயில் பிரேக்கில் காற்று புகுந்தால் பிடிக்காதாம். மெக்கானிக் போன பிறகு, மிச்சக் காற்றை எடுக்க இவர் வண்டிக்கு அடியில் படுத்தார், பெடலை மிதிக்க நான் உட்கார்ந்தேன். "அழுத்து", "விடு", "அழுத்து" என்று கீழேயிருந்து குரல் வரும். முதலில் சோற்றுக்குள் கால் வைத்தது போலப் புதைந்தது. பிறகு சட்டென்று கெட்டியாகிக் காலை எதிர்த்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உம்மா ஜன்னலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அதன்பின் மாதா மாதம் ஆஸ்பத்திரி போய் வந்தேன். ஏறும்போதெல்லாம் ஓதிக்கொண்டுதான் ஏறினேன். குலுக்கல் இல்லாமல் போகவில்லை, இருந்தது. ஆனால் வயிறு அதிரவில்லை.

ஒரு நாள் மத்தியானம், லுஹர் தொழுகை முடிந்த நேரத்தில் வலி எடுத்து, காரில் ஏறினேன். இவர் பயத்தில் கல்யாண ஊர்வலம் போல ஊர்ந்துகொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். நடுத்திரையை விலக்கினேன்.

"மச்சான், விரசாப் போங்க. வண்டி தாங்கும்."

"நீ தாங்குவியா?"

"நானும் தாங்குவேன். போங்க."

போனார். பனை மரங்கள் பின்னால் ஓடின. அந்த ரோட்டை நான் முன்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தது அன்றுதான். பக்கத்துப் பாதையிலிருந்து ஓலைக்கட்டு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று திடுமென்று ரோட்டில் ஏறியது. மிதித்தார். கார் கோணாமல், நேராக நின்றது. நான் சீட்டிலேயே இருந்தேன். திரும்பி என்னைப் பார்த்தார். "என்னைய எதுக்குப் பாக்குறீங்க, ரோட்டைப் பாருங்க" என்றேன்.

பெண் பிள்ளை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்குத் திரும்பிய நாளில் வழியெல்லாம் பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் கார் நின்றதுதான் தாமதம், வீறிட்டாள். பால் கொடுத்தேன், உம்மா வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. இவர் பின் கதவைத் திறந்துவிட்டு, காரை ஸ்டார்ட் பண்ணினார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறினேன். தெருக்கோடி வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். இவர் திருப்பட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் போங்க என்றேன்.